வெள்ளிக்கிழமை எடை

மகனே,

உனக்கு சலாம் சொல்லி இந்தத் தாளைத் தொடங்கி நான்கு நாளாகிறது. அந்த ஒரு வரிக்குப் பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். தொழிற்சாலையில் தினமும் அறிக்கை எழுதுகிறவன் நான். எந்தப் பாகம் தவறு, எந்த இயந்திரம் தவறு, யாருடைய கவனக்குறைவு என்று எழுத எனக்கு ஒருநாளும் வார்த்தைக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. என் பெயரில் ஒரு தவறறிக்கை எழுதித்தான் பழக்கமில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மா கல்யாணப் பத்திரிகை வைக்க ராயக்கோட்டைக்குப் போயிருக்கிறாள். என்னையும் கூப்பிட்டாள். நான் வரவில்லை, அவனுக்கு எழுத வேண்டியது இருக்கிறது என்றேன். அவள் மேசையில் இரண்டு பேனாவை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்றில் மை தீர்ந்துவிடும் அளவுக்கு எழுத வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த மாதம் உனக்கு நிக்காஹ். அதை வைத்துத்தான் நமக்குள் சண்டை வந்தது. நீ கேட்டது இரண்டே இரண்டு. வலிமா விருந்தில் உன்னை நடுவில் உட்கார வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு இன்னும் வை, இன்னும் வை என்று தட்டை நிரப்பக் கூடாது. நிக்காஹ் முடிந்த பிறகு புது மாப்பிள்ளை விருந்து என்று உன்னை வீடு வீடாக அழைத்துக்கொண்டு போகக் கூடாது. ஏன் என்று கேட்டேன். "எனக்கு ஒரு நோய் இருக்குத்தா. சில நேரத்துல சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியறதில்ல. சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. இப்பதான் பெங்களூர்ல டாக்டர் கிட்ட போய்ட்டு இருக்கேன்" என்றாய். அதைச் சொல்லும்போது உன் கைகள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தன. அதை நான் பார்த்தேன். பார்த்தும், எழுந்து போய் பீரோவைத் திறந்து, கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த உன் எடை வரைபடத்தைக் காட்டினேன். "பாரு. வளத்தி நின்னதுக்கப்புறம் ரெண்டு கிலோ ஏறுனதும் கிடையாது, எறங்குனதும் கிடையாது. அளவில்லாம திங்கறவன் எட எப்படிடா இப்படி நிக்கும்? நீயா மனசுல நெனச்சிக்கிற" என்றேன். நீ கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தாய். "நிக்காஹ்வுக்கு நீங்க வந்துருங்கத்தா. நான் இந்த வீட்டுக்கு வரல" என்று சொல்லிவிட்டு, ஒரு பையோடு அத்திப்பள்ளியில் உன் நண்பனின் அறைக்குப் போய்விட்டாய். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி பத்து நிமிடப் பயணம். எல்லை தாண்டியதும் வேறு மாநிலம். எனக்கு நீ வேறு கண்டத்துக்குப் போனதுபோல் இருந்தது.

இது எங்கே ஆரம்பித்தது என்று இந்த நான்கு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். உனக்குப் பதினான்கு வயது. கிருஷ்ணகிரியில் உன் பெரியத்தா வீட்டில் கல்யாணம். என் அண்ணன்மீது எனக்கு என்ன மனக்குறை என்பது உனக்குத் தெரியும். நீ பேசப் பழகும் முன்பிருந்தே அதை நீ கேட்டு வளர்ந்தவன். என் அத்தா மாங்காய் மண்டியை அண்ணன் பெயரில் எழுதியபோது, "சின்னவன் படிச்சவன், சம்பளம் வாங்கிப் பொழச்சுக்குவான்" என்றார். படித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவன் நான் என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் இதுவரை கிடைக்கவில்லை. அந்தக் கல்யாணப் பந்தியில் நீ மூன்றாவது முறை பிரியாணி கேட்டாய். வளர்கிற பையன், பசித்தது, கேட்டாய். அண்ணன் கரண்டியும் கையுமாக வந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏன் தம்பி, உன் வூட்ல அடுப்பு பத்த வெக்கறதில்லயா? உம் மவன் பிரியாணி தேக்சாவ கவுத்துட்டுத்தான் எழுந்துருவான் போலக்கீது!" பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய். கத்தரிக்காய்த் தொக்கை வழித்துக்கொண்டே சிரித்தாய். உனக்கு அது கேலியாகவே படவில்லை. எனக்குத்தான் மண்டியும் போய், மானமும் போய், கடைசியில் என் பிள்ளை வயிறும் அந்த வீட்டுச் சிரிப்புக்கு ஆகிவிட்டது என்று தோன்றியது. திரும்பி வரும் பேருந்தில், சூளகிரி தாண்டும்போது, உன்னிடம் சொன்னேன்: "இனிமே யார் வீட்லயும் ரெண்டாவது தடவ கை நீட்டக் கூடாது. நம்ம வீட்லயும்தான்." நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஊர் வரும்வரை திரும்பவில்லை.

அடுத்த மாதமே எங்கள் கம்பெனியில் பழைய எடைமேடை ஒன்றைக் கழித்துப்போட்டார்கள். நான் கேட்டு வாங்கி வந்தேன். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். எடைக்கற்களை வைத்து அதை இரண்டு நாள் உட்கார்ந்து துல்லியமாக்கினேன். மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆ தொழுகைக்காகக் குளித்து முடித்ததும், வெறும் வயிற்றில், பள்ளிக்கூடம் போகும் முன்பு நீ அதன்மீது ஏற வேண்டும். நான் எண்ணைச் சொல்வேன். வரைபடத்தில் புள்ளி வைப்பேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்துக்கும் செய்வதுபோல மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. நீ வளர வளர வயதுக்கும் உயரத்துக்கும் தக்கபடி கோடுகளை நகர்த்தினேன். அதைச் செய்யும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். எந்தத் தகப்பன் இவ்வளவு அக்கறையாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். புள்ளி மேல் கோட்டை நெருங்கிய வாரங்களில் நான் உன்னைத் திட்டியதில்லை. அதையே இத்தனை நாள் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திட்டவில்லை, ஆனால் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ ஈரத் தலையோடு, மேடையை விட்டு இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பாய்.

பிறகு நீ நோன்பு வைக்க ஆரம்பித்தாய். ரமலான் நோன்பைச் சொல்லவில்லை. திங்களும் வியாழனும் வைக்கிற உபரி நோன்பு. பதினாறு வயதுப் பையன், யாரும் சொல்லாமல், சஹர் சாப்பாடுகூட இல்லாமல், விடியுமுன் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு நோன்பு பிடிக்கிறான் என்று நான் பள்ளிவாசலில் பேசாத ஆளில்லை. தொழுகை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிற மனிதரைக்கூட நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். "உங்க மவன மாதிரி ஒரு புள்ள போதும் பாய்" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, அண்ணன் மகன்களோடு உன்னை மனதுக்குள் ஒப்பிட்டுக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை என்பது ஒரு பொறியியல் படித்தவனுக்குத் தோன்றவே இல்லை. நீ அல்லாஹ்வுக்காகப் பட்டினி கிடக்கிறாய் என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ என் மேடைக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் என்ன நடந்தது என்பது உன் அம்மாவுக்குத்தான் கொஞ்சம் தெரியும். எடை பார்த்தாகிவிட்டது, அடுத்த எடைக்கு ஆறு நாள் இருக்கிறது. நீ பள்ளியிலிருந்து வருவாய், அவள் தையல் வகுப்பு எடுக்கப் போயிருப்பாள், நான் ஆலையில் இருப்பேன். அவள் திரும்பி வந்தால் இரவுக்கு வைத்த சோறு இருக்காது. டீக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வர்க்கி டப்பா காலியாக இருக்கும். ஒருமுறை சர்க்கரைச் சம்படத்தில் கரண்டி நின்றுகொண்டிருந்தது என்றாள். "ஏங்க, நம்ம பையன்தான் திங்கறான்னு நெனைக்கறேன். ஆனா ஆசையா திங்கற மாதிரி தெரியலைங்க. எதயோ மூடறாப்ல திங்கறான்" என்றாள். நான் பீரோவைத் திறந்து காட்டினேன். எனக்கு அது ஒன்றுதானே தெரியும். "ஒரு கிலோ வர்க்கியும் அரைப்படி சோறும் உள்ள போயிருந்தா இங்க தெரியணுமா இல்லயா? தெரியல. அப்ப வேற யாரோ எடுக்கறாங்க."

வேறு யார்? வீட்டில் பாத்திரம் கழுவ வந்த பாக்கியம்மாதான். தளிப் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், ஓசூரில் மகளோடு இருந்தார். நான் அவரைக் கூடத்தில் நிற்க வைத்துக் கேட்டேன். "நான் எடுக்கலண்ணா. தேவராணெ, சாமி சத்தியமா இல்லண்ணா. ஒரு வாய் டீ குடுத்தாக்கூட அக்காவ கேட்டுத்தானே குடிக்கறேன்" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். அவர் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நீ அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். போன வருடம் ஒருநாள், எதற்கோ பேச்சு வந்தபோது, "அன்னிக்கு நான் சொல்லிருக்கணும்த்தா" என்று மட்டும் சொன்னாய். எது என்று நான் கேட்கவில்லை. செய்தித்தாளைப் புரட்டினேன்.

இப்போது ஒன்றை எழுதினால் நீ சிரிப்பாய், அல்லது காறித் துப்புவாய். அதே வருடம் எங்கள் ஆலையில் ஓர் அரைவை இயந்திரத்தில் சாணைச் சக்கரங்கள் தேய்ந்து தீர்ந்துகொண்டே இருந்தன. ஆனால் வெளியே வந்த தண்டுகள் எல்லாம் அளவில் மிகச் சரி. யாருக்கும் புரியவில்லை. நான் போய் ஒரு முழு ஷிப்ட் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன். அதை ஓட்டிய பையன் பயந்தவன். ஒவ்வொரு தண்டையும் அளப்பான், மயிரிழை கூடியிருந்தால் இயந்திரத்தை ஒரு பக்கம் திருகுவான், அடுத்தது குறைந்துவிடும், மறுபக்கம் திருகுவான், கூடியதை மறுபடி அரைத்துச் சரி பண்ணுவான், குறைந்ததை ஒதுக்கி ஒளித்து வைப்பான். "அளவு கரெக்டா தானே சார் இருக்கு?" என்றான். நான் அறிக்கையில் எழுதினேன்: பொருள் சரி, நடைமுறை சீர்கெட்டிருக்கிறது, இறுதி அளவை மட்டும் பார்த்தால் இது ஒருபோதும் தெரியாது. மேலிடத்தில் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, தர மேலாளர் பதவியை என்னிடம் மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டவனுக்குக் கொடுத்தார்கள். அது வேறு கதை. அதையும் நீ பலமுறை கேட்டிருக்கிறாய். அந்த அறிக்கையை எழுதிய வாரத்திலும் வெள்ளிக்கிழமை காலை உன்னை மேடையில் ஏற்றிப் புள்ளி வைத்தேன். இரண்டும் ஒன்றென்று தெரியவில்லை.

நீ அத்திப்பள்ளிக்குப் போன மறுவாரம் உன் மருத்துவரைப் பார்க்கப் போனேன். உன் அம்மா முகவரியைக் கொடுத்தாள். வரைபடத்தைப் பீரோவிலிருந்து பிரித்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் சொல்வதைக் கேட்கப் போகவில்லை, வாதாடப் போனேன். என் மகளாக இருக்கக்கூடிய வயது அவருக்கு. கன்னடம் கலந்த தமிழில், உன்னைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் என்னோடு பேசுவதாகச் சொன்னார். நீ சரி சொல்லியிருக்கிறாய். என்னிடம் பேசப் பிடிக்காமல் போன பிறகும், என்னிடம் உன்னைப் பற்றிச் சொல்லலாம் என்று ஒருவருக்கு அனுமதி கொடுத்திருக்கிறாய். அதை அங்கே உட்கார்ந்திருக்கும்போது நான் யோசிக்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது.

வரைபடத்தை அவர் மேசையில் விரித்து, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "சார், ஒரு நாள் ரெண்டு பங்கு சாப்பிட்டா மறுநாள் முள்ளு கொஞ்சம் ஏறும். அதுல பாதிக்கு மேல சாப்பாட்டோட கனமும், அது புடிச்சு வெச்ச தண்ணியும். ரெண்டு மூணு நாள்ல போயிரும். உடம்பும் சும்மா இருக்காது. அடுத்த வேள பசி கொறயும், சில பேருக்கு கை கால் தானா துறுதுறுன்னு ஓடும், கொஞ்சம் சூடா செலவாகும். எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரி இல்ல. எட ஏறணும்னா மிச்சம் வாரக்கணக்குல, மாசக்கணக்குல சேரணும். எப்பவாவது ஒரு தடவ மூக்கு முட்ட சாப்பிட்டா குண்டாயிருவோம்ங்கறது நம்ம பயம்."

எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. "அப்ப என் பையனுக்கு ஒண்ணுமில்லன்னு தானே அர்த்தம்?" என்றேன்.

"இல்ல சார். உங்க மகனுக்கு சரிக்கட்டுனது உடம்பு மட்டுமில்ல. அவரே சரிக்கட்டிட்டு இருந்தாரு. நிறுத்த முடியாம சாப்பிடுவாரு, அப்புறம் பயந்துபோய் பட்டினி கெடப்பாரு, ஓடுவாரு. பட்டினி கெடந்ததாலயே மறுபடி நிறுத்த முடியாம போகும். ஏறுனதும் எறங்குனதும் சேந்து உங்க பேப்பர்ல நேர்க்கோடா வந்திருக்கு. எட மாறலன்னு நீங்க சந்தோசப்படறீங்க. மாறாம வெச்சுக்க அவர் என்ன பாடு பட்டார்னு யாரும் கேக்கல." பிறகு அவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து ஓரத்தில் எழுதியிருந்த தேதிகளைப் படித்துக்கொண்டே போனார். "இதெல்லாம் வெள்ளிக்கெழம மட்டும்தானே சார்? மத்த ஆறு நாள் எங்க?"

முப்பது வருடமாக நான் மற்றவர்களைக் கேட்கும் கேள்வி அது. ஒரே நேரத்தில், ஒரே ஆளிடம், முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுக்கிற மாதிரிக்கு மதிப்பே கிடையாது என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வரைபடத்தைச் சுருட்டினேன். ரப்பர் பேண்ட் அறுந்துபோனது. அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பேருந்து ஏறினேன். நீ மாலையில் ராமநாயக்கன் ஏரியைச் சுற்றி ஓடியது நினைவுக்கு வந்தது. பையன் விளையாட்டில் ஆர்வமாக இருக்கிறான் என்று உனக்கு ஓட்டக் காலணி வாங்கிக் கொடுத்தவன் நான். இரண்டாவது ஜோடி சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று கடைக்காரனோடு சண்டையும் போட்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தளிக்குப் போனேன். பாக்கியம்மா இப்போது அங்கே ரோஜாக் கொட்டகை ஒன்றில் வேலை செய்கிறார். கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காம்புகளின் முள்ளைச் சீவிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதுதான் எனக்கு முதலில் சுட்டது. "அன்னிக்கு நான் தப்பு பண்ணிட்டேன். நீங்க எடுக்கல. எம் பையன்தான்" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. "அப்பவே தெரியும்ணா" என்றார். எனக்குப் புரியவில்லை. "பாத்திரம் கழுவறவளுக்குத் தெரியாதா, யாரு எவ்ளோ தின்னாங்கன்னு? ஒருக்கா வெள்ளிக்கெழம நேரமா வந்துட்டேன். தம்பி சமையக்கட்டுல கீழ உக்காந்து அழுதுகிட்டே தின்னுட்டிருந்துச்சு. என்னப் பாத்துட்டு கும்பிட்டுச்சுண்ணா. அந்தப் புள்ள என்னப் போய் கும்பிட்டுச்சு." ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க அத மேடையேத்தி அளப்பீங்க. எனக்கு வேற வீடு கெடைக்கும். அதுக்கு வேற அப்பன் கெடைப்பானா? சரி, எம்மேல போவட்டும்னு உட்டுட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் வேலை செய்த பெண் எதையோ கன்னடத்தில் கேட்க, இவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். என்னை யார் என்று சொன்னாரோ தெரியாது. கிளம்பும்போது, "தம்பி இப்ப நல்லா தூங்குதா?" என்று கேட்டார். எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. தெரியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

நீ கதவுக்குப் பின்னால் நின்றதற்காக இத்தனை வருடம் உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நோன்பு என்று பொய் சொன்னது அதைவிடப் பெரிய பாரமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். இரண்டையும் என் பக்கம் தள்ளிவிடு. பிள்ளையைப் பொய் சொல்லாமல் இருக்க முடியாத இடத்தில் நிறுத்தியவனிடம்தான் முதலில் கேள்வி வரும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவன் நான். என் வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறான் என்று எடைமேடை சொல்லாததால் நம்பவில்லை.

இனி விருந்து விஷயம். போன வியாழக்கிழமை கிருஷ்ணகிரிக்கு, மண்டிக்கே போனேன். நான் அந்த வாசலை மிதித்து எத்தனை வருடம் என்று எனக்கே நினைவில்லை. அண்ணன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கிழவராகிவிட்டார், மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு விரல்களெல்லாம் கறுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததை நான் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். "வா தம்பி, வா! கல்யாண வேலையெல்லாம் எந்த மட்டுல கீது? மொத விருந்து என் வூட்லதான், சொல்லிட்டேன். ரெண்டு கிடா பாத்து கட்டி வெச்சிகினு கீறேன். அப்ப தேக்சாவ கவுத்த பையன் இப்ப மாப்ளயாயிட்டான், இன்னும் எத்தினி கவுக்கறான்னு பாக்கறேன்!" என்று சிரித்தார். அதே கேலி. ஆனால் அன்று கேட்டபோது முதன்முறையாக, அதில் பிரியமும் இருந்தது என்று எனக்குக் காதில் விழுந்தது. பந்தியில் நீ சிரித்தாயே, நீ கேட்டது அதைத்தான் போலிருக்கிறது. நான் கேட்டது வேறு.

"விருந்து வேணாம்ணே. உங்க வீட்ல மட்டுமில்ல, யார் வீட்லயும் வேணாம்" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. "ஏன்டா? பையனுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லயா?" என்று நேரே கேட்டார். சொல்லியிருக்கலாம். சொன்னால் புரிந்துகொள்ளக்கூடச் செய்திருப்பார். ஆனால் மண்டியில் சொன்னால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரியும். வலிமாவில் உன் தட்டையே முந்நூறு கண்கள் பார்க்கும். அதைச் சொல்லும் உரிமை உனக்குத்தான் இருக்கிறது. முள்ளைச் சீவிக்கொண்டிருந்த பாக்கியம்மாவின் கை எனக்கு ஞாபகம் வந்தது. "அவனுக்கு ஒண்ணுமில்லண்ணே. எனக்குத்தான் மனசு ஒத்துக்கல" என்றேன்.

அவர் முன்னால் இருந்த கூடையைத் தள்ளி வைத்தார். "இன்னுமாடா? இந்த மண்டிய இன்னும் நெஞ்சுலயே வெச்சிகினு கீற?"

"ஆமாண்ணே."

"புள்ளயோட நல்ல காரியத்துலகூட?"

"ஆமா."

"அப்ப நான் வலிமாவுக்கு வரல" என்றார். கூலியாட்கள் கூடையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எதிரே இருந்த பெரிய தராசின் தட்டு ஆடிக்கொண்டிருந்தது. நான் சலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்றபோது, திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கால் இழுத்தது. போகவில்லை. நான் சொன்னதில் முழுப் பொய்யும் இல்லை, அதுவும் உனக்குத் தெரியும். இத்தனை வருடம் நான் ஊட்டி வளர்த்த மனக்கசப்பு யாருக்கும் ஒரு பைசாவுக்கு உதவியதில்லை. அன்று உன்னை அழைக்கவிருந்த ஒரு விருந்து வாசலை அடைக்க மட்டும் உதவியது. மற்ற வீடுகளுக்கும் அண்ணனே செய்தி அனுப்பிவிட்டாராம், என் தம்பி மனுசனே இல்லை என்று. ஆக யாரும் உங்கள் இருவரையும் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நீ ஒரு நாள் அவரிடம் உன் வாயால் சொல்ல விரும்பினால் சொல். அதுவரை இது என்மேல் இருக்கட்டும்.

வலிமாவில் மேடைப் பந்தி கிடையாது. எல்லோரும் அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு விரும்பிய இடத்தில் உட்காரலாம் என்று மண்டபத்தில் சொல்லிவிட்டேன். நீ கட்டப்போகும் பெண் அம்மாவிடம் பேசினாளாம், அவளுக்கு எல்லாம் தெரியுமாம். எனக்கு முன்னால் தெரிந்தவர்கள் வரிசையில் நான் எத்தனையாவது ஆள் என்று இப்போது எண்ணுவதில்லை. எடைமேடையை முதலில் மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். நல்ல கருவி, வீணாகக் கூடாது என்று தோன்றியது. என் புத்தி அப்படித்தான். நேற்று பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிக் கொடுத்தனுப்பிவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே தரையில் நான்கு கால்களின் தடம் இருக்கிறது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. நீ வந்தால் கண்ணில் படும். அதற்காக முன்பே சொல்லிவைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. வேறு தகப்பன்களும் படிக்கட்டும் என்று தோன்றினால், ஊரில் எங்களை அடையாளம் காணாதபடி பார்த்துக் கொடு. என்னை மன்னித்துவிட்டதாக எழுத வேண்டாம். மன்னிப்பதும் ஒரு வேலை. உனக்கு இப்போது வேறு வேலைகள் இருக்கின்றன. கேட்பது ஒன்றுதான். நிக்காஹ்வன்று காலையில் அத்திப்பள்ளியிலிருந்து நேரே மண்டபத்துக்குப் போகாமல், இந்த வீட்டுக்கு வந்து இங்கிருந்து மாப்பிள்ளையாகப் புறப்படு.

ஒரு சிக்கல் இருக்கிறது. வாசலில் பிள்ளையைப் பார்த்தால் என் வாயில் வருவது ஒரே கேள்வி. சாப்பிட்டியா? என் அத்தா என்னைக் கேட்டது அது ஒன்றுதான், நான் உன்னைக் கேட்டதும் அது ஒன்றுதான். இந்த வாரம் முழுக்க அதற்குப் பதிலாக வேறொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உன் வேலையைப் பற்றி, உன் நண்பர்களைப் பற்றி, நீ என்ன புத்தகம் படிக்கிறாய் என்பதைப் பற்றி, எதைக் கேட்கவும் எனக்கு முன்கதை தெரியவில்லை. கடைசியில் பாக்கியம்மாவின் கேள்வியைத்தான் கடன் வாங்கிக்கொண்டேன். நீ வந்து நின்றதும், நல்லா தூங்கினியாப்பா என்று கேட்பேன். தினமும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இல்லைத்தா என்று நீ சொன்னாலும் பரவாயில்லை. உள்ளே வந்து சொல்.

அத்தா